ஒரு வெள்ளியும் ஆறு பேரும்

சிங்கப்பூரில் சட்டம் பெரிய ஆட்களைத் தொடுவதில்லை என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதைச் சொல்லிவிட்டு, மிச்சக் கோப்பியைக் குடித்துவிட்டு, "இதெல்லாம் எந்த ஊர்லதான் இல்ல" என்று எழுந்து போகிறவர்களோடுதான் சண்டை. அதைவிடப் பெரிய சண்டை, "மினிஸ்டரையே உள்ள போட்டாச்சு, இன்னும் என்ன வேணும்" என்று கேட்பவர்களோடு. ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கும். என் வயதுக்காரர்கள் பக்கத்து மேசையில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்போம். இது எங்கள் மேசைக்கும் சேர்த்துத்தான்.

பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். வழக்கு என்று சொல்வதே தப்பு. அது நீதிமன்றத்துக்கே வரவில்லை.

2023 ஜனவரி 1 அன்று பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. கடைக்காரர்கள் விலைப்பட்டியலில் புதுத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த நேரம். அதே மாதம் 12-ம் தேதி லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஓர் அறிக்கை விட்டது. கெப்பல் ஆஃப்ஷோர் அண்ட் மரின் நிறுவனத்தின் முன்னாள் மூத்த நிர்வாகிகள் ஆறு பேருக்குக் கடும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். பெயர்கள் இல்லை. யார் என்ன செய்தார் என்ற விவரம் இல்லை. எச்சரிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எதற்கு எச்சரிக்கை? 2001-க்கும் 2014-க்கும் இடையில் ஏறத்தாழ 55 மில்லியன் அமெரிக்க டாலர் லஞ்சம். வாங்கியவர்கள் பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் அதிகாரிகளும் அப்போது ஆட்சியில் இருந்த தொழிலாளர் கட்சியும். வழி ரொம்பப் பழசு. நடுவில் ஓர் ஏஜெண்ட். அவருக்கு ஆலோசனைக் கட்டணம் என்று அளவுக்கு மீறிய கமிஷன். அந்தக் கமிஷனிலிருந்து போகவேண்டிய இடத்துக்குப் பணம் போகும். கையெழுத்துப் போட்ட தாளில் லஞ்சம் என்ற வார்த்தை எங்கேயும் இருக்காது. இப்படிப் பதின்மூன்று திட்டங்கள் கிடைத்தன. நிறுவனத்துக்கு வந்த ஆதாயம் 350 மில்லியன் டாலருக்கும் மேல்.

இது என்னுடைய ஊகமோ எதிர்க்கட்சிக்காரர்களின் கதையோ இல்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அமெரிக்கா, பிரேசில், சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்து 422 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. சிங்கப்பூர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போடவில்லை, நிபந்தனையோடு ஓர் எச்சரிக்கை கொடுத்தது. நிறுவனமும் உள்ளுக்குள் கணக்குத் தீர்த்தது. பதினேழு பேர்மீது ஒழுங்கு நடவடிக்கை, அதில் பன்னிரண்டு பேருக்கு ஏறக்குறைய 8.9 மில்லியன் அமெரிக்க டாலர் பணத் தண்டனை. இதுவும் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட விவரம்தான். அந்தப் பன்னிரண்டு பேர் யார், எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று முடிவு செய்கிற அளவுக்கு நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் ஒன்றும் தெரியாது.

அபராதத்தை யார் கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பங்குதாரர்களின் பணம். கெப்பலின் மிகப் பெரிய பங்குதாரர் தெமாசெக். தெமாசெக் யாருடையது என்று இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் சிங்கப்பூருக்கு வந்த அபராதத்தில் ஒரு பங்கு, நம்முடைய ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு சட்டைப் பைக்கு வந்த பணம். பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் போன பங்கு அப்படியே போய்விட்டது.

இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. 2015, 2016-ல் எண்ணெய் விலை சரிந்தபோது கப்பல் பட்டறைகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. லஞ்சத்தால் போகவில்லை, எண்ணெய் விலையால் போனது. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் போனவர்களில் எத்தனை வெல்டர்கள், ஃபிட்டர்கள், பெயிண்டர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ஏஜெண்டுக்குக் காசு கட்டி வந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களும் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்தவர்கள்தான். அந்தக் கமிஷனுக்கு வட்டி கட்டி முடிப்பதற்குள் பெர்மிட் ரத்தாகி, டிக்கெட் போட்டு ஏற்றிவிடுவார்கள். ரிக்கை உண்மையில் கட்டியவர்கள் அவர்கள். ரிக்குக்கான ஆர்டரை வாங்கிய விதம் பற்றி அவர்களுக்கு யாரும் எச்சரிக்கைகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இனி கடும் எச்சரிக்கை என்றால் என்ன என்று பார்ப்போம். கேட்கும்போது ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கும். 2015-ல் நம் உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் விளக்கிவிட்டது: இப்படிப்பட்ட எச்சரிக்கைக்குச் சட்டப்படி எந்த விளைவும் கிடையாது, இவர் குற்றம் செய்திருக்கிறார் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கிற கருத்து மட்டுமே அது. அந்த வழக்கு ஹொங் லிம் பூங்காவில் நடந்த ஒரு கூட்டத்தை ஒட்டி ஒரு சமூக ஆர்வலருக்குக் கொடுத்த எச்சரிக்கை பற்றியது. 55 மில்லியன் டாலர் லஞ்சத்துக்கும் பூங்காக் கூட்டத்துக்கும் ஒரே மருந்து. இரண்டாவதை வாங்கியவர் நீதிமன்றம் போய்ச் சண்டை போட்டார். ஆறு பேரும் போகவில்லை. ஏன் போகப் போகிறார்கள்?

அரசின் விளக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் அறிக்கையிலும், 2023 பிப்ரவரியில் அமைச்சர் இந்திராணி ராஜா நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலிலும் சொன்னதன் சாரம் இது. வழக்கு பல நாடுகளைத் தாண்டியது. ஆவணங்கள் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. முக்கியமான சாட்சிகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களை இங்கே வந்து சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை.

இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். என் கோபம் அந்த உண்மையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏனென்றால் 2018 நவம்பரில் இதே பிரிவு இரண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது. சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஒரு கொள்கலன் கிடங்கில் வேலை. பெட்டி எடுக்க, விட வரும் லாரிக்காரர்களைத் தாமதப்படுத்தாமல் இருக்க அவர்கள் வாங்கியதாகச் சொல்லப்பட்ட லஞ்சம், ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி. ஒரு வெள்ளி. காப்பிக்கடையில் கோப்பி-ஓ கூட இப்போது அந்தக் காசுக்குக் கிடைக்காது. ஒரு வெள்ளியாக இருந்தாலும் விடமாட்டோம் என்று பிரிவு அப்போது பெருமையாகத் தெரிவித்தது. பெருமைப்படவேண்டிய விஷயம்தான். சின்ன லஞ்சத்தை விட்டால் பெரிசு வரும் என்ற கொள்கையில் எனக்கு எதிர்ப்பு இல்லை.

ஒரு சின்னக் கணக்கு, தொழில் புத்தி. 55 மில்லியன் அமெரிக்க டாலர் நம் காசில் 70 மில்லியன் வெள்ளிக்குமேல். பெட்டிக்கு ஒரு வெள்ளி வாங்குகிற ஃபோர்க்லிஃப்ட்காரர் அந்தத் தொகையைச் சேர்க்கவேண்டுமென்றால் 70 மில்லியன் பெட்டிகள் வேண்டும். 2024-ல் சிங்கப்பூர்த் துறைமுகம் முழுசும் கையாண்டதே இருபதடி அளவில் 41 மில்லியன் பெட்டிகள்தான், அதுவே அதுவரைக்குமான சாதனை. துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாளாக நின்று காசு வாங்கினாலும் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகும், ஒருநாள்கூட லீவு போடாமல்.

எதனால் ஒரு வெள்ளி வழக்கு நீதிமன்றம் ஏறியது, 55 மில்லியன் ஏறவில்லை? சின்ன வழக்கில் கிடங்கு இங்கே. கொடுத்த லாரிக்காரர்கள் இங்கே. வாங்கியவர்கள் இங்கே, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஏஜெண்ட் கிடையாது. ஆலோசனை ஒப்பந்தம் கிடையாது, அயல்நாட்டு வங்கிக் கணக்கு கிடையாது. கையிலிருந்து கைக்குக் காசு. ஏழை செய்கிற குற்றம் வெட்டவெளியில் நடக்கிறது. பணக்காரக் குற்றத்துக்கு நாலு நாடு, மூன்று கம்பெனி, இரண்டு வக்கீல் என்று அடுக்கடுக்காகச் சுவர்கள். அந்தச் சுவர்களைக் கட்டுவதற்குத்தான் கமிஷனே கொடுக்கப்படுகிறது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது, மழை பெய்யவில்லை என்பதைப்போல, யார் கையிலும் இல்லாத விஷயமாகச் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லாமல் போவது அந்தக் குற்றத்தின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. செலவு செய்து வாங்கிய வசதி அது.

சரி, ஆதாரம் அவ்வளவு புனிதமானது என்றால் எல்லாருக்கும் அப்படி இருந்திருக்கவேண்டும். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அடுத்து நடந்த கலவரம் எல்லாருக்கும் தெரியும். நான் அப்போது உயர்நிலை நான்கு. மறுநாள் முழுக்க அம்மாவின் கைப்பேசி ஓயவில்லை, ஊரிலிருந்து அத்தை சித்தி எல்லாரும் "தம்பி வெளிய போகலையே" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 25 பேர்மீது வழக்கு நடந்தது, அது வேறு. நான் சொல்ல வருவது 57 பேரைப் பற்றி. அவர்கள்மேல் எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை என்று போலீஸ் முடிவு செய்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள், திரும்பவும் வரத் தடை. வெளிநாட்டவரை அனுப்புவது நிர்வாகத்தின் அதிகாரம், அதற்கு நீதிமன்றம் தேவையில்லை என்பது அரசின் விளக்கம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த 57 பேர் இழந்தது கொஞ்சமா? நிலத்தை அடகு வைத்து வந்த வேலை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன். அவர்களுக்கு யாரும் "சந்தேகத்துக்கு இடமில்லாமல்" என்ற அளவுகோலை எடுத்து நீட்டவில்லை. பத்து வருஷம் கழித்து ஆறு நிர்வாகிகளுக்கு அது பட்டுத்துணியில் சுற்றி நீட்டப்படுகிறது.

இங்கேதான் காப்பிக்கடையிலிருந்து குரல் வரும். "ஈஸ்வரனை மறந்துட்டியா தம்பி?"

மறக்கவில்லை. நம்மில் யாரும் மறக்கமுடியாது. தமிழ் நிகழ்ச்சிகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முகம். 2023 ஜூலையில் கைதானபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய செய்திகளில் பாதி, "நம்மாளா இருக்கிறதாலதான் பிடிச்சாங்க" என்றன. மறுபாதி, "நம்ம மானத்தை வாங்கிட்டார்" என்றன. இரண்டுமே எனக்கு எரிச்சல். ஓர் அமைச்சர் பரிசு வாங்கினால் அது அமைச்சரின் விவகாரம், சாதிசனத்தின் மானமோ அவமானமோ அதில் எங்கே வந்தது?

வழக்கைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் 27 குற்றச்சாட்டுகள், மார்ச்சில் இன்னும் எட்டு, மொத்தம் 35. ஃபார்முலா ஒன் டிக்கெட், லண்டன் நாடக டிக்கெட், விஸ்கி, கோல்ஃப் மட்டை, பிராம்ப்டன் சைக்கிள் என்று போன பட்டியலின் மதிப்பு நாலு லட்சம் வெள்ளிக்கும் மேல். செப்டம்பரில் விசாரணை தொடங்கிய அன்றே, லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருந்த இரண்டு பெரிய குற்றச்சாட்டுகள் தண்டனைச் சட்டத்தின் 165-வது பிரிவுக்கு இறக்கப்பட்டன. அரசு ஊழியர் தன் பணியோடு தொடர்புள்ளவரிடமிருந்து மதிப்புள்ள பொருளை வாங்கக்கூடாது என்பது அந்தப் பிரிவு. லஞ்சம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஐந்து குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம். நீதிபதி வின்சென்ட் ஹூங் அக்டோபர் 3 அன்று பன்னிரண்டு மாதம் கொடுத்தார். அந்த நீதிபதிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடுகிறேன். அரசாங்கமே கேட்டதைவிட அதிகம் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் குற்றச்சாட்டை ஏன் இறக்கினார்கள்? தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் காரணம் சொன்னது: பரிவர்த்தனையில் முக்கியமாக இரண்டு பேர், லஞ்சம் இல்லை என்று மறுப்பதில் இருவருக்குமே அக்கறை இருக்கும், அதனால் நிரூபிப்பது கடினமாகலாம். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் எந்த லஞ்சத்தில் கொடுத்தவனும் வாங்கியவனும் மறுக்க விரும்பமாட்டான்? லாரிக்காரரும் ஃபோர்க்லிஃப்ட்காரரும் விரும்பி ஒப்புக்கொண்டார்களா?

கொடுத்தவர் கதையையும் சொல்லவேண்டும். ஹோட்டல் முதலாளி ஓங் பெங் செங். 2022 டிசம்பரில் அமைச்சர் அவருடைய தனி விமானத்தில் தோஹா போனார், அவர் செலவில் பிசினஸ் வகுப்பில் திரும்பினார். விசாரணை தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும், 2023 மேயில் அந்தத் திரும்பும் டிக்கெட்டுக்கு 5,700 வெள்ளி கட்டினார் ஈஸ்வரன். நீதியைத் தடுத்த குற்றம் அதுதான். அதற்கு உடந்தையாக இருந்ததை ஓங் 2025 ஆகஸ்ட்டில் ஒப்புக்கொண்டார். 30,000 வெள்ளி அபராதம். எலும்பு மஜ்ஞைப் புற்றுநோய் இருப்பதால் நீதிமன்றம் இரக்கம் காட்டியது. நோயாளிக்கு இரக்கம் காட்டியதில் எனக்குக் குறை இல்லை, சிறை ஒருவரைக் கொல்லக்கூடாது. அந்த இரக்கத்தைக் கேட்டுப் பெற, நல்ல மருத்துவரின் சான்றும் நல்ல வக்கீலின் வாதமும் வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஆக, மந்திரியை உள்ளே போட்டது உண்மை. அதனால் கெப்பல் கேள்வி தீர்ந்துவிட்டதா? ஒரு வீட்டில் கூரை ஒழுகலைச் சரி செய்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் வாளி வைக்கக்கூடாது என்பது மாதிரி இருக்கிறது.

"மேல இருக்கிறவன் மாட்டிக்கிட்டா போதும்" என்கிற நம் ஆசையிலும் ஒரு கோளாறு உண்டு. சிலப்பதிகாரத்தை எத்தனை பட்டிமன்றத்தில் கேட்டிருப்போம். வழக்குரை காதையை என் தொழிலில் அழித்துச் சோதித்தல் என்போம்: பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம், உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உடைத்தார்கள், தெரிந்தது, அரசன் அங்கேயே விழுந்து செத்தான். இதுவரை கைதட்டல். அப்புறம் நடந்ததை மேடையில் யாரும் சொல்வதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். பொய் சொன்னது ஒரே ஒரு பொற்கொல்லன். விசாரிக்காமல் ஆளை அனுப்பியது அரசன். பில் வந்தது ஆயிரம் பட்டறைத் தொழிலாளிகளுக்கு. காப்பியம் அதற்குப் பிறகு மழை பெய்ததாகச் சொல்கிறது. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் உடம்பு கூசும். பெரியவர் ஒருவர் விழுவது நாடகம். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டால், பொற்கொல்லனின் வார்த்தையை அப்படியே நம்பி ஆளைக் கொல்ல அனுப்புகிற அரண்மனை ஏற்பாடு அப்படியே இருக்கும்.

ஏற்பாட்டை மாற்றமுடியுமா? முடியும். என் துறையில் மாற்றியிருக்கிறார்கள், இதே ஊரில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில்.

1986 மார்ச் 15. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சேரும் முனையில் இருந்த ஆறு மாடி ஹோட்டல் நியூ வேர்ல்ட் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் வந்து இடிபாட்டுக்குள் குடைந்து ஆட்களை மீட்டார்கள். மொத்தம் 17 பேர் பிழைத்தார்கள். விசாரணை நடந்தது, பொதுவில். கண்டுபிடித்தது இது: கட்டடத்துக்குள் வரும் ஆட்கள், சாமான்களின் எடையைக் கணக்கில் எடுத்திருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கட்டுமானப் பொறியியல் படித்த யாருக்கும் அந்த வரி மறக்காது. நான்யாங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? "ஆதாரம் போதவில்லை, இனி கவனமாக இருங்கள்" என்று எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போகவில்லை. 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைத்தவரின் கணக்கை, அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நாலு பேர் இறந்தபோதும் விசாரணைக் குழு உட்கார்ந்தது, அறிக்கை வந்தது, விதிகள் இறுகின. இன்றைக்கு ஒரு தற்காலிகத் தாங்குச் சுவருக்கான வரைபடத்தில் என் மேலதிகாரி கையெழுத்துப் போடும்போது அவர் கை ஒரு விநாடி நிற்கும். அந்த ஒரு விநாடி நல்ல மனசால் மட்டும் வந்தது இல்லை. சட்டத்தாலும் வந்தது.

பல மில்லியன் டாலர் கமிஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவரின் கையும் அப்படி நிற்கவேண்டும் என்கிறேன். கேட்பது இவ்வளவுதான்.

அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. 1960-ம் ஆண்டின் லஞ்சத் தடுப்புச் சட்டத்திலேயே எட்டாவது பிரிவு ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தோடு தொழில் செய்கிற ஒருவர் அரசு ஊழியருக்குப் பணம் கொடுத்தது நிரூபணமானால், அது லஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை. அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே, லஞ்சத்தில் இருவரும் மறுப்பார்கள் என்று தெரிந்து எழுதிய பிரிவு இது. ஆனால் அது நம் அரசு, நம் பொது நிறுவனங்கள் வரைக்கும்தான். சிங்கப்பூர்க் கம்பெனி பிரேசிலில் கொடுத்தால் அந்த ஊகம் பொருந்தாது. ஏன் பொருந்தக்கூடாது? நம் குடிமகன் வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தாலும் குற்றம்தான் என்று 37-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. குற்றம் கடல் தாண்டுகிறது, நிரூபிக்கும் வசதி மட்டும் சாங்கியில் இறங்கிவிடுகிறது.

பிரிட்டன் 2010-ல் கொண்டுவந்த லஞ்சச் சட்டத்தின் ஏழாவது பிரிவில், லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதே நிறுவனத்தின் குற்றம். தடுக்கப் போதிய ஏற்பாடு வைத்திருந்தோம் என்று நிறுவனம்தான் காட்டவேண்டும். பிரிட்டனை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திடம் 2017-ல் 497 மில்லியன் பவுண்டு வாங்கிக்கொண்டு, 2019-ல் தனிநபர்கள் மேலிருந்த விசாரணையைக் கைவிட்டவர்கள் அவர்கள். நோய் உலகம் முழுக்க ஒன்றுதான்: கம்பெனி குற்றம் செய்யும், கம்பெனியில் இருந்த மனிதர்கள் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் நிறுவனத்துக்கு வைக்கிற சுமையைக் கையெழுத்துப் போட்ட இயக்குநருக்கும் வைக்கவேண்டும். அளவுக்கு மீறிய கமிஷன் ஏஜெண்டுக்குப் போயிருக்கிறதா, போனது எதற்கென்று நீங்கள் சொல்லுங்கள். சரியான காரணம் இருந்தால் சொல்வது கஷ்டமே இல்லை.

2018-ல் நம் நாடாளுமன்றம் இன்னொரு நல்ல வேலையும் செய்தது. வழக்கை ஒத்திவைத்து நிறுவனத்தோடு உடன்பாடு செய்வதென்றால் இனி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவேண்டும், நடந்தது என்ன என்ற விவரம் பொதுவில் வரவேண்டும். கெப்பல் உடன்பாடு 2017 டிசம்பர், இந்தச் சட்டம் வந்தது அடுத்த வருஷம். சில மாதங்களில் தப்பிவிட்டார்கள். ஆனால் தனிநபர்களுக்குக் கொடுக்கிற எச்சரிக்கை இன்னமும் மூடிய அறையில்தான். நீதிமன்றமும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

பிரேசிலிலிருந்து ஆதாரம் வரவே வராது என்றால் இதுவும் வீண் பேச்சுதான். ஆனால் வந்திருக்கிறது. 2024 மார்ச் 28 அன்று, செம்ப்கார்ப் மரினின் முன்னாள் தலைமை நிர்வாகியையும் இன்னொரு முன்னாள் அதிகாரியையும் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதே பிரேசில். அதே பெட்ரோபிராஸ் ஆர்டர்கள். ஏஜெண்ட் மட்டும் வேறு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு, அது எனக்குத் தெரியும். நான் சொல்வது, நீதிமன்றப் படி ஏறினார்கள் என்பதை. பெயரோடு, முகத்தோடு. ஒரு கப்பல் பட்டறையில் முடிந்தது பக்கத்துப் பட்டறையில் முடியவில்லை என்றால், ஏன் என்று விளக்கி ஒரு முழு அறிக்கை வேண்டும். ஹோட்டல் நியூ வேர்ல்டுக்குக் கொடுத்த மாதிரி. இத்தனைக்கும் இந்த இரண்டு பட்டறைகளும் 2023 பிப்ரவரியில் ஒன்றாகி இப்போது சீட்ரியம் என்ற ஒரே கம்பெனி.

இப்படியெல்லாம் இறுக்கினால் முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். நியூயார்க்கிலிருந்து யாரும் ஓடவில்லை, இந்த விஷயத்தில் நம்மைவிட அதிகம் கெடுபிடி செய்கிற ஊர் அது. கெப்பலின் முன்னாள் சட்டப் பிரிவு அதிகாரி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அமெரிக்க நீதிமன்றத்தில்தான். சிங்கப்பூர்க் கம்பெனி, அதில் வேலை பார்த்தவர், ஒப்புக்கொள்ள அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்திருக்கிறது.

"ஊர்ல இதைவிட மோசம்" என்கிற அங்கிளுக்கும் ஒரு வார்த்தை. ஆமாம் அங்கிள். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் ஆரம்பித்து, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர் இறந்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அந்த இருபது வருஷத்தில் புடவை, செருப்பு, நகை என்று ஒவ்வொன்றும் எண்ணப்பட்டு, பட்டியல் ஊர் முழுக்கப் படிக்கப்பட்டது. தாமதம் கேவலம்தான். இங்கே தாமதமே இல்லை, பட்டியலும் இல்லை.

இதை எழுதும்போது அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் இருவரின் பெயரையும் தேடினேன். ஒரே தேடலில் வந்தது. முழுப் பெயர், வயது, எந்த நாடு, எந்தக் கிடங்கு. வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை, அவர்கள் போதுமான அளவு அச்சில் வந்துவிட்டார்கள். அந்த ஆறு பேரின் பெயரை எழுதலாம் என்றால், அது என்னிடம் இல்லை.